ஒன்பது வோல்ட்டுப் பகை

பயப்படாதீங்க தம்பி, இது குண்டு இல்லை. நீங்க பையைத் தூக்கிட்டு பெஞ்சு ஓரத்துக்கு நகந்ததைப் பாத்துட்டேன். அதான் மூடியைத் தொறந்தே காட்டுதேன். பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா. உள்ள ஒரு வெள்ளைப் பலகை, கொஞ்சம் வயரு, ஒரு ஒன்பது வோல்ட்டு பேட்டரி. இப்பத்தான் ஒரு ரயில்வே போலீஸ்காரரும் பதறிப்போய் தொறக்கச் சொன்னார். இந்த இயர்போனை அவர் காதுல மாட்டி விட்டேன். அந்தா அந்தக் கடையில டீ ஆத்துற சத்தம் இங்க கேக்குதேன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்.

உக்காருங்க. கோயம்புத்தூர் வண்டிதான? லேட்டுன்னு போர்டுல போட்டிருக்கான். பேசுறதா இருந்தா டப்பாவுல ஒரு ஓட்டை இருக்குல்லா, அதுக்கு நேரா பேசுங்க. என் மூஞ்சிக்கு நேரா பேசிப் பிரயோசனம் இல்லை.

ஆமா, நானே செஞ்சதுதான். எதுக்குன்னு கேக்கீங்களா? ஒருத்தனைப் பழி வாங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன்.

என் பேரு கோமதிநாயகம். இந்தக் கோவில்பட்டிதான். பஞ்சு மில்லுல இருபத்தொம்பது வருசம் வயர்மேன். நூல் நூக்குற மிசினு வரிசையா ஓடுற ஷெட்டுக்குள்ள நீங்க நின்னு பாத்திருக்க மாட்டீங்க. ஒருத்தன் காதுல ஒருத்தன் வாயை வச்சுக் கத்தினாலும் கேக்காது. கையைக் காட்டி, வாயை அசைச்சுத்தான் பேசிக்கிடுவோம். ப்யூஸ் போச்சு, பெல்ட் அறுந்துட்டு, சூப்பர்வைசர் வாறான், டீ வந்துட்டு. முப்பது நாப்பது வார்த்தை இருக்கும். வேலைக்கு அது போதும். ரிட்டையர் ஆகி வெளிய வந்து பாத்தா ஊரே மில்லு மாதிரி ஆயிட்டு. எல்லா வாயும் அசையுது, எனக்குக் கேக்குறது ஒரே இரைச்சல். ஆனா ஊரு பேசுற பேச்சு அந்த நாப்பது வார்த்தைக்குள்ள அடங்குமா?

சரி, அவனுக்கு வாறேன். அவன் பேரு அய்யம்பெருமாள். அதே மில்லுல மிசினு பூட்டுற பிட்டர். என் கூடவே வேலைக்குச் சேந்தவன், என் கூடவே வெளிய வந்தவன். ஆனா அவனுக்குக் காது பாம்புச் செவி. எப்படின்னு கேளுங்க. ஷெட்டுக்குள்ள வரும்போதெல்லாம் ரெண்டு காதுலயும் பஞ்சை உருட்டி அடைச்சுக்கிடுவான். எனக்கும் ஒரு உருண்டை நீட்டுவான். நான் வாங்க மாட்டேன். பொம்பளை மாதிரி காதுல பூ வச்சுக்கிட்டு வாறான்னு எல்லாரும் சிரிப்போம். நான்தான் கூடுதலாச் சிரிச்சது.

அதை மனசுல வச்சிருந்திருக்கான். அப்படித்தான் நான் நினைக்கேன். பெறகு என்ன செஞ்சான் தெரியுமா? டீக்கடையில எனக்கு எதிரே உக்காந்து வாயை மட்டும் அசைப்பான். சத்தம் வராது. சும்மா மீன் மாதிரி வாயைத் தொறந்து தொறந்து மூடுவான். நான் குத்துமதிப்பா ஒரு பதில் சொல்லுவேன். கடையே சிரிக்கும். ஒருநா வடையைக் கேக்கான்னு நினைச்சு, "ரெண்டு போதும், சூடா இருக்கணும்"னு சொல்லிட்டேன். அவன் கேட்டது, உனக்கு எத்தனை பொண்டாட்டிலேன்னு. டீ மாஸ்டர் கையில இருந்த கிளாசைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சான். நானும் சேந்து சிரிச்சேன். வேற என்ன செய்ய? எழுந்து போனா கோவப்படுதான்னு அதுக்கும் சிரிப்பானுவ.

அஞ்சு வருசம் தம்பி. அஞ்சு வருசம் பொறுத்தேன். டீக்கடையோட நின்னிருந்தா இன்னும் அஞ்சு வருசம் பொறுத்திருப்பேன். வீட்டுக்குள்ள வந்துட்டான்.

எனக்கு ஒரே மக. செண்பகவல்லி. பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ. இன்வெர்ட்டர் கம்பெனி ஒண்ணுல சர்வீஸ் வேலை பாத்துட்டு இருந்தா. போன மாசில அவளுக்கு ஒரு வரன் பாத்தேன். சாத்தூர்ல தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கிற குடும்பம். நான் பாத்து, நான் விசாரிச்சு, நானே முடிவு பண்ணினது. பூ வைக்க வந்துட்டாங்க. தாம்பாளத் தட்டு ஒம்பது. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருத்தர் மீசையை முறுக்கிட்டு நடுவுல உக்காந்திருக்கார். அவருக்குப் பக்கத்துல நான். எனக்கு அந்தப் பக்கம் அய்யம்பெருமாள். கூப்பிடாம இருக்க முடியுமா? என் பொண்டாட்டி சுப்புத்தாயை அவன் மதினின்னு கூப்பிடுவான். செண்பகம் அவன் தோள்ல உக்காந்து பொருட்காட்சி பாத்த பிள்ளை.

எல்லாரும் காப்பி குடிச்சு முடிச்சாச்சு. அய்யம்பெருமாள் என் பக்கம் திரும்பி வாயை அசைச்சான். கொஞ்சம் நீளமாவே அசைச்சான். நல்ல நேரம் முடியப்போகுது, பூவை வச்சிரலாமான்னு கேக்கான்னு நினைச்சேன். சபையில ஆங் ஆங்னு நிக்க முடியுமா? நல்லாச் சிரிச்ச மூஞ்சியா, தலையை ஆட்டி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "ஆமாமா, அதுல என்ன சந்தேகம்!"னு சொன்னேன்.

தாய்மாமன் மீசையில இருந்து கையை எடுத்தார். மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சா. தட்டெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய போகுது. நான் என்னடான்னு முழிக்கேன். கார் கதவு சாத்துறதைப் பாக்கேன், வண்டி போறதைப் பாக்கேன். ஒருத்தரும் எனக்குச் சொல்லலை. கடைசியா சுப்புத்தாய்தான் காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கத்துல எழுதிக் காட்டினா. அவன் கேட்டது இதுதான்: "ஏல கோமதி, செண்பகத்துக்கு இதுல இஷ்டம் இல்லைன்னு உங்கிட்டயே சொல்லிட்டாளாமே, நெசந்தானா?"

நான் சொன்னது: ஆமாமா, அதுல என்ன சந்தேகம்.

சொல்லுங்க தம்பி. இதை விட ஒரு மனுசனுக்குக் கேவலம் உண்டா? சபையில வச்சு, என் வாயாலயே.

அன்னைக்குச் சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேட்டேன். அவன் வெளிய வந்தான். என்னமோ சொல்லுதான். கையை விரிச்சு விரிச்சுச் சொல்லுதான். எனக்கு ஒண்ணும் விளங்கலை. சண்டை போடுறதுக்குக் காது வேணும், தெரியுமா? நாம திட்டிரலாம். அவன் திருப்பி என்ன சொல்லுதான்னு தெரியாம அடுத்த வார்த்தை எங்கிருந்து வரும்? திரும்பி வந்துட்டேன். மறுநா ஒரு தாள்ல ரெண்டு பக்கம் எழுதிக் கொண்டாந்தான். வாங்கி, நாலாக் கிழிச்சு, அவன் சட்டைப் பையிலயே போட்டேன். வாசிச்சா கோவம் குறைஞ்சிரும்லா. செண்பகமும் என்னமோ எழுதி நீட்டினா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். நான் பாத்த வரன் போன துக்கம் எனக்கு.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன். இவன் பேசுறதைக் கேக்கணும். எனக்குக் கேக்கலைன்னு நினைச்சு என் முன்னாலயே என்னைப் பத்தி என்ன பேசுதான்னு ஒரு நா முழுசாக் கேக்கணும். கேட்டுட்டு, வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லி, செருப்பால அடிக்கணும்.

காது மிசினா? அது கேம்ப்ல குடுத்தாங்களே, போன வருசமே. அதை மாட்டினா நான் செவிடன்னு ஊருக்கே தெரிஞ்சுரும்லா? பீரோவுல போட்டு வச்சிருந்தேன். உள்ள பேட்டரி கசிஞ்சு வீணாப் போச்சு. அதுவும் போக, காதுல மிசினைப் பாத்தா அவன் உசாராயிட மாட்டானா?

பரண்ல செண்பகத்தோட காலேஜ் பெட்டி கிடந்துச்சு. அதுக்குள்ள இந்தப் பலகை. பிரெட்போர்டுன்னு பேரு. பாருங்க, எறும்புப் புத்து மாதிரி எத்தனை ஓட்டை. அஞ்சஞ்சு ஓட்டை ஒரு குடும்பம், உள்ளுக்குள்ள தகடு போட்டுச் சேத்திருக்கும். நடுவுல ஒரு வாய்க்கால் ஓடுதா, அதுக்கு ரெண்டு கரையிலயும் காலை ஊனி நிக்குதே இந்தக் கருப்புப் பூச்சி, இதுதான் ஐ.சி. எட்டுக் காலு. இதுதான் சின்ன சத்தத்தைப் பெரிய சத்தமாக்குது. ஈயம் பத்த வைக்க வேண்டாம். வயரைச் சொருகினாப் போதும், பிடுங்கினா வந்துரும். கூடவே அவ ரெக்கார்டு நோட்டும் இருந்துச்சு. பதினாலாவது பாடம் ஆடியோ ஆம்ப்ளிஃபயர். படம் போட்டு, எந்தக் கால் எங்க போகணும்னு குண்டு குண்டா எழுதியிருக்கா. நல்ல கையெழுத்து. அதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

நானூத்து நாப்பது வோல்ட்டு எனக்குப் பூனைக்குட்டி மாதிரி தம்பி. மில்லுல பேனலைத் தொறந்துபோட்டு நின்னு பீடி குடிச்சவன் நான். இந்த ஒம்பது வோல்ட்டு என்னைப் பாடாப் படுத்திட்டு. முதல் ஐ.சி.யைத் தலைகீழாச் சொருகிட்டேன். ஒரு ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு இருக்கும், அதுதான் தலைமாடுன்னு நோட்டுலயே போட்டிருக்கா, நான் கவனிக்கலை. பேட்டரியை மாட்டிட்டுத் தொட்டுப் பாத்தேன், விரல் பொசுங்கிட்டு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில சீட்டுல எழுதிக் குடுத்து இன்னும் மூணு வாங்கினேன். கடைக்காரன் என்னமோ கேட்டான். சரி சரின்னேன். சில்லறை கேட்டிருப்பான் போல, முறைச்சான்.

தினமும் மத்தியானம் சுப்புத்தாய் அசந்து தூங்கும்போது பின் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உக்காருவேன். ரெண்டாவது ஐ.சி. சரியா நின்னுட்டு. நாலாவது கால் மைனஸ், ஆறாவது கால் பிளஸ், மூணாவது கால்ல சத்தம் உள்ள போகும், அஞ்சாவது கால்ல வெளிய வரும். ஒண்ணுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் போட்டா சத்தம் பத்து மடங்கு ஏறும். மூணாவது காலை விரலால தொட்டேன். காதுல உர்ருன்னு ஒரு உறுமல். தன் உடம்புல கை வைக்கிற வரைக்கும் சும்மா இருந்துட்டு, வச்ச உடனே உறுமுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அய்யம்பெருமாள், இருடா வாறேன்னு சொன்னேன்.

ஆனா மைக்கை மாட்டினா ஊமை. பட்டாணி அளவுல ஒரு மைக்கு, ரெண்டு காலு. மாத்தி மாட்டினேன், திருப்பி மாட்டினேன், ஊதிப் பாத்தேன், தட்டிப் பாத்தேன். விரலுக்கு உறுமுது, வாய்க்கு ஊமை. நோட்டுல மைக்கைப் பத்தி ஒரு வரி இல்லை. மூணு நா முட்டிக்கிட்டேன். நாலாவது நா வெறுத்துப்போய் எல்லாத்தையும் கட்டிலுக்கடியில தள்ளிட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்து எடுத்துப் பாக்கேன், வேலை செய்யுது! சாமி சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை. பலகையை உத்துப் பாத்தா, பிளஸ்ல இருந்து மைக்குக்கு ஒரு சின்ன ரெசிஸ்டர் போகுது. பிரவுன், கருப்பு, ஆரஞ்சுக் கோடு. பக்கத்துல பொட்டுக்கடலை மாதிரி ஒரு கெப்பாசிட்டர். அந்த மைக்குக்கும் கொஞ்சம் கரண்டு குடுக்கணும் போல, அப்பத்தான் அதுக்கு உசிரு. முந்தின நா கோவத்துல நானே எதையோ எடுத்துச் சொருகியிருக்கேன், அது சரியான எடத்துல விழுந்துட்டு. கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா? எல்லா வயர்மேனுக்கும் அது வராது.

என்னது? இன்னும் கொஞ்சம் பக்கத்துல சொல்லுங்க. மக செஞ்சிருப்பாளா? போங்க தம்பி. அவ ஏன் செய்யப் போறா? அவகிட்ட நான் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே.

முதல்ல கேட்டது என்னன்னு சொல்லுதேன். மழைன்னு நினைச்சு ஜன்னலைப் பாத்தேன், வெளிய வெயில் கொளுத்துது. சுப்புத்தாய் முறத்துல அரிசி பொடைக்கா. பெறகு அவ குரலு. தனியாப் பேசிட்டு இருக்கா. "வெயில் ஏறுது, ரேஷன் கடைக்குக் குடையைக் கொண்டுபோனா என்னவாம்? தலைவலின்னு சாயங்காலம் படுக்கணும்"ங்கா. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் விளங்குச்சு. எங்கிட்டத்தான் பேசுதா. பதில் வராதுன்னு தெரிஞ்சும் அஞ்சு வருசமா அவபாட்டுக்கு எங்கிட்டப் பேசிக்கிட்டே இருந்திருக்கா.

சரி, அதை விடுங்க. நான் அதுக்கா இதைக் கட்டினேன்?

அய்யம்பெருமாளை வரவழைக்கணும். சண்டைக்குப் பெறகு அவன் டீக்கடைக்கும் வாறதில்லை. கோவம் எல்லாம் தீந்துட்டு, ஞாயித்துக்கிழமை வரச்சொல்லுன்னு சுப்புத்தாய்கிட்டச் சொன்னேன். பாவம், சந்தோசமா ஓடினா. நான் ஏற்பாடெல்லாம் பண்ணினேன். டப்பாவை ஜோல்னாப் பைக்குள்ள வச்சு, மைக்கு இருக்கிற பக்கத்துல பையில ஓட்டை போட்டு, வயரை முதுகு வழியா ஏத்தி, இயர்போனை மறைக்கத் தலையோட சேத்து மப்ளர் கட்டிக்கிட்டேன். சித்திரை மாசம் தம்பி. கோவில்பட்டிச் சித்திரை. வேர்த்து ஊத்துது. யாரும் சந்தேகப்படலை. நாற்காலிக்கு அடியில இடது கால் செருப்பைத் தயாரா வச்சுக்கிட்டேன்.

காலையில பத்து மணிக்கு வந்தான். என் எதிரே உக்காந்தான். வாயை அசைச்சான்.

"என்னல, மேலுக்குச் சொகமில்லையா? எதுக்கு மப்ளரு?"

நல்லாக் கேக்குது. கணீர்னு கேக்குது. எப்பவும் டீக்கடையில எப்படி அசைப்பானோ அதே மாதிரிதான் வாயை அசைக்கான், ஆனா சத்தம் வருது! அப்படின்னா என்ன அர்த்தம்? அன்னைக்கு மட்டும் சத்தமாப் பேசியிருக்கான். நான் ஏதோ ஏற்பாடு வச்சிருக்கேன்னு மோப்பம் பிடிச்சிருக்கான். கள்ளன். இல்லைன்னா அஞ்சு வருசமாச் சத்தமாத்தான் பேசினான்னு ஆயிருமே. நான் சிரிச்ச மூஞ்சியா உக்காந்திருந்தேன்.

சுப்புத்தாய் காப்பி கொண்டாந்தா. அவன் சொன்னான், "மதினி, எத்தனை நாளைக்கு இப்படி? எழுதிக் குடுத்தா கிழிக்கான். அந்தப் பிள்ளை சொன்னதைத்தான நான் கேட்டேன்?"

அப்பத்தான் செண்பகம் உள்ள இருந்து வந்தா. நேரா வந்து என் நாற்காலிக்குப் பக்கத்துல தரையில உக்காந்தா. என் பையைப் பாத்தே பேசினா தம்பி. என் மூஞ்சியை நிமிந்தே பாக்கலை. ஒவ்வொரு வார்த்தையா, நிறுத்தி நிறுத்திப் பேசினா.

"மாமா, நான் அப்பாகிட்ட மூணு தடவை சொன்னேன். கோயம்புத்தூர்ல மோட்டார் கம்பெனியில டெஸ்டிங் செக்சன்ல வேலை கிடைச்சிருக்கு, சாத்தூர்க்காரங்க வேலைக்குப் போகக் கூடாதுங்காங்க, எனக்கு இந்த இடம் வேண்டாம்னு சொன்னேன். மூணு தடவையும் சரி சரின்னார். சரின்னுட்டுப் பூ வைக்க நாள் குறிச்சுட்டார். கேக்காமச் சரின்னாரா, கேட்டுட்டே சரின்னாரான்னு எனக்கு அப்பத் தெரியலை. அதான் உங்ககிட்ட வந்தேன். சபையில நீங்களே அவர்கிட்டக் கேளுங்கன்னு நான்தான் காலைப் பிடிச்சேன்."

எனக்கு ஞாபகம் வந்துட்டு. ஒரு தடவை நான் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தேன். பக்கத்துல நின்னு என்னமோ சொன்னா. செல்லுக்குச் சார்ஜர் வேணும்ங்கான்னு நினைச்சு, சரி சரின்னேன். அவ மூஞ்சி விழுந்துட்டு. சார்ஜருக்கு எதுக்கு மூஞ்சி விழணும்னு அப்பவே நினைச்சேன். நினைச்சுட்டு எண்ணெயைத்தான் விட்டேன்.

அந்த நேரத்துல நான் எந்திரிச்சு ஏதாவது சொல்லியிருக்கணும். என்ன சொல்ல? காது கேக்குதுன்னு காட்டினா, இத்தனை நா கள்ளத்தனமாக் கேட்டதும் வெளிய வந்துரும். பழக்க தோசம், தலையை ஆட்டி, "சரி சரி"ன்னேன்.

செண்பகம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அய்யம்பெருமாள்தான் சும்மா இருந்திருக்கணும். அவன் சொன்னான், "பாத்தியாம்மா? இவனுக்குக் காது போனது அஞ்சு வருசத்துக்கு முன்ன. அடுத்தவன் சொல்லுறதைக் கேக்காதது பொறந்ததுல இருந்து."

"என்னலே சொன்னே?"ன்னு எந்திரிச்சுட்டேன். "பொறந்ததுல இருந்தா? பொறந்ததுல இருந்தாலே?" செருப்பைக் கையில எடுத்துட்டேன். அவன் வாயைப் பிளந்துட்டான். ஒரு அடி, தோள்ல. இன்னொண்ணு வீசினேன், கண்ணாடியில பட்டு, கண்ணாடி பறந்து சுவத்துல அடிச்சு விழுந்துட்டு. மூணாவதுக்குக் கையை ஓங்கும்போது பை திரும்பிக்கிட்டு, டப்பா கீழ விழுந்து தொறந்துட்டு. பேட்டரி கழண்டு உருண்டு போகுது.

பொசுக்குன்னு எல்லாம் அடங்கிட்டு தம்பி. சுப்புத்தாய் வாயில அடிச்சுக்கிட்டு அழுதா, சத்தம் இல்லை. செண்பகம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ கத்துதா, சத்தம் இல்லை. பழையபடி மில்லுக்குள்ள நிக்கேன். ஓங்கின கை ஓங்கினபடி இருக்கு. அடிக்கவும் முடியலை, இறக்கவும் முடியலை. அவன் என்ன சொல்லி அழுதாலும் கேக்காம அடிச்சு என்ன பிரயோசனம்? அவன் கெஞ்சுறதைக் கேக்கத்தான நான் இவ்வளவு பாடுபட்டேன்?

அய்யம்பெருமாள் குனிஞ்சான். கண்ணாடி இல்லாம தரையைத் தடவித் தடவி, கட்டிலுக்கடியில கையை விட்டு பேட்டரியை எடுத்தான். பிட்டர் இல்லையா, மாட்டத் தெரியும். மாட்டினான். டப்பாவைத் தன் வாய்க்குப் பக்கத்துல வச்சுக்கிட்டான். மூச்சு வாங்குறது முதல்ல கேட்டுச்சு.

"வலிக்குதுல கோமதி"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். தோளைத் தடவிக்கிட்டே போயிட்டான்.

இதுவரைக்கும் அதை நான் நினைச்சுப் பாக்காத நேரம் இல்லை. அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம், திருப்பி அடிச்சிருக்கலாம். அடிச்சிருந்தா எனக்கு ஆறியிருக்கும். வலிக்குதுலன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கெட்டிக்காரன். ஜெயிச்சுட்டுப் போயிட்டான்.

செண்பகம் அடுத்த வாரமே கோயம்புத்தூருக்குக் கிளம்பிட்டா. நான் தடுக்கலை. போன்னும் சொல்லலை. அவ போனதுக்குப் பெறகு டப்பாவைத் தொறந்தா உள்ள ரெண்டு புது ஐ.சி., நாலு ரெசிஸ்டர், ஒரு சீட்டு. "எப்பா, பேட்டரி வாரம் ஒண்ணு மாத்தணும். இரைச்சல் வந்தா மைக் வயரைச் சின்னதா வெட்டிக்கோங்க"ன்னு எழுதியிருக்கு. அதே குண்டு எழுத்து.

என்ன பாக்கீங்க? சரி, அவளாத்தான் இருக்கும். அந்த ரெசிஸ்டர் அவ வச்சதுதான். போதுமா? வச்சவ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா, எப்பா நான்தான் வச்சேன்னு. சொன்னா நான் கேக்க மாட்டேனா?

இப்ப அங்கதான் போறேன். ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. முதல் சம்பளத்துல எனக்கு ஒரு நல்ல காது மிசினு வாங்கிப் போடணுமாம், டாக்டர்கிட்ட நாள் வாங்கி வச்சிருக்கா. ஒரு கண்டிசன் போட்டிருக்கா. அய்யம்பெருமாள் மாமாவையும் கூட்டிட்டு வரணும், அவரு வரலைன்னா நீங்களும் வர வேண்டாம்னு எழுதியிருக்கா. திமிரைப் பாத்தீங்களா? எனக்கு அவன் கூடப் பேச்சு கிடையாது. சுப்புத்தாய்தான் போய்ச் சொல்லியிருக்கா. உடனே கிளம்பிட்டான்.

அந்தா, தண்ணிக் குழாய்ப் பக்கத்துல கடைசி பெஞ்சு தெரியுதா? புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு மடியில சோத்து வாளியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்தான். நம்மளையே பாத்துட்டு இருக்கான் பாருங்க. ரெண்டு பேரு டிக்கெட்டும் அவன் பையிலதான் இருக்கு. பக்கத்துப் பக்கத்து சீட்டு.

வண்டி வருதா? தரை அதிருது, எனக்குக் காலுல தெரிஞ்சுரும். எந்திரிங்க, ஜெனரல் பெட்டின்னா முன்னால போகணும். எங்களுது எஸ் ஃபோர். அவனும் எந்திரிச்சுட்டான், வாறான் பாருங்க. எட்டு மணி நேரம் இருக்கு. வாயைத் தொறந்தா மூட மாட்டான், எனக்குத் தெரியும். ரெண்டு மாசமாப் பேசாததை எல்லாம் சேத்து வச்சிருப்பான். மன்னிச்சிருலேம்பான். பழைய கதையெல்லாம் எடுப்பான்.

ஒரு நிமிசம் இருங்க தம்பி, இந்த பேட்டரியைக் கழட்டி என் சட்டைப் பையில போட்டுக்கிடுதேன். ம். இப்ப நீங்க சொல்லுறதும் எனக்குக் கேக்காது, கோவிச்சுக்காதீங்க. மூடியைப் போட்டாச்சு. வெளிய இருந்து பாத்தா கழட்டினது தெரியாதுல்லா? இந்த ஓட்டைக்கு நேரா குனிஞ்சு குனிஞ்சு பேசட்டும். திண்டுக்கல் வரைக்கும் பேசட்டும், ஈரோடு வரைக்கும் பேசட்டும், தொண்டை வறண்டு போற வரைக்கும் பேசட்டும். நான் தலையை ஆட்டிக்கிட்டே வருவேன்.